கால் இல்லாதவன் காலை வாருவது எப்படி? கணினியும் லாட்வியன் கேம்பிட்டும்



நம் லிஃப்டில் பிள்ளைகளைக் கவனித்திருப்பீர்கள். தரைத்தளத்தில் ஏறும்போதும் கையில் போன், எட்டாவது மாடியில் இறங்கும்போதும் கண் அதிலேயே. எல்லாரும் ரீல்ஸ் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது, 2024-இல் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அதிலிருந்து நம் பிளாக்குகளில் செஸ் ஆடும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். எதிரில் ஆடுவது பெரும்பாலும் மனிதர் இல்லை, போனுக்குள் இருக்கும் கணினி.

என் பேரனும் அப்படித்தான். அவனுக்குப் பிடித்த ஒரு துணிச்சலான தொடக்கம் உண்டு. இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயை எதிராளியிடம் நீட்டிவிடுவான். பள்ளி நண்பர்கள் திகைத்துப் போவார்கள். போன் திகைக்காது. அமைதியாகச் சிப்பாயை எடுத்துக்கொள்ளும், அரை மணி நேரத்தில் இவனைத் தோற்கடிக்கும், கடைசியில் அந்த நகர்த்தலின் மேல் ஒரு சிவப்புக் கேள்விக்குறியையும் போட்டுக் காட்டும். ஒருநாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது தப்பான மூவ் தாத்தா, இனிமே ஆடமாட்டேன்" என்றான்.

தப்பா, இல்லையா? இந்தக் கேள்வியை, இதே தொடக்கத்தை வைத்து, 1978-ஆம் ஆண்டிலேயே ஒருவர் அன்றைய வலிமையான கணினியிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். அந்தக் கதையைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். செஸ் தெரியாதவர்களும் தயங்காமல் படிக்கலாம்.

சின்ன மீனைப் போட்டு

"சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது" என்று நாம் சொல்வோமே, செஸ்ஸில் அதற்குப் பெயர் கேம்பிட். ஆட்டத் தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயை வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பது. எதிராளி அதை எடுப்பதில் நேரத்தைச் செலவழிக்கும்போது நம் மற்ற காய்கள் வேகமாக வெளியே வந்து தாக்கும். இந்தச் சொல் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. மல்யுத்தத்தில் எதிராளியின் காலை இடறி வீழ்த்தும் பிடிக்கு அங்கே அந்தப் பெயர். 1561-இல் ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ரூய் லோபஸ் தம் செஸ் நூலில் அதைப் பயன்படுத்தினார். நம் பேச்சில் சொன்னால், காலை வாருவது.

கேம்பிட்டுகளில் சில மரியாதையானவை, உலக சாம்பியன்களே ஆடுபவை. சில, ஆசிரியர்கள் "வேண்டாம்ப்பா" என்று தலையாட்டுபவை. லாட்வியன் கேம்பிட் இரண்டாவது வகை. வெள்ளை ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாய் இரண்டு கட்டம் வருகிறது, கருப்பும் அப்படியே செய்கிறது. வெள்ளையின் குதிரை வெளியே வந்து கருப்பின் சிப்பாயைத் தாக்குகிறது. இப்போது கருப்பு அந்தச் சிப்பாய்க்குக் காவல் போட வேண்டும், அதுதான் வழக்கம். லாட்வியன் ஆடுபவர் காவல் போடுவதில்லை. ராஜாவின் பக்கத்து வரிசையான எஃப் வரிசையில் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே தள்ளி, "இதையும் வேண்டுமானால் எடுத்துக்கொள்" என்கிறார்.

எஃப் வரிசைச் சிப்பாய் ராஜா வீட்டு வாட்ச்மேன் மாதிரி. அவரைத் தெருவுக்கு அனுப்பிவிட்டால் கேட் திறந்து கிடக்கும். ராஜாவை நோக்கி ஒரு மூலைவிட்டக் கோடு அப்படியே திறந்துவிடும். அதனால்தான் பெரிய ஆட்டக்காரர்கள் இதை ஒதுக்குகிறார்கள். ஆனால் வெள்ளை ஆடுபவர் ஒரு நிமிடம் அசந்தால் கருப்பின் ராணியும் குதிரைகளும் பாய்ந்து வந்துவிடும்.

17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய ஆட்டக்காரர் ஜியோகினோ கிரேக்கோவின் பெயரால்தான் இது நெடுநாள் வழங்கியது. பிறகு லாட்வியாவின் ஆட்டக்காரர்கள், முக்கியமாகக் கார்லிஸ் பேட்டின்ஷ் என்பவர், யாரும் சீண்டாத இந்தத் தொடக்கத்தை எடுத்துவைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அந்த உழைப்புக்கு மரியாதையாக 1937-இல் உலக செஸ் கூட்டமைப்பு இதற்கு அவர்கள் நாட்டின் பெயரையே வைத்தது.

ஒரு பந்தயம்

இனி நம் கதாநாயகரைப் பார்ப்போம். டேவிட் லெவி. 1968-இல் ஸ்காட்லாந்தின் செஸ் சாம்பியன், வயது 23. அந்த ஆண்டு எடின்பரோவில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் கூடிய மாநாட்டுக்கு அவரும் போயிருந்தார். 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயரையே உருவாக்கிய அமெரிக்கப் பேராசிரியர் ஜான் மெக்கார்த்தியும் அங்கே வந்திருந்தார். ஒரு விருந்தில் இருவரும் செஸ் ஆடினார்கள். லெவி ஜெயித்தார். உங்களை என்னால் வெல்ல முடியாமல் இருக்கலாம், ஆனால் பத்து ஆண்டுகளுக்குள் ஒரு கணினி உங்களை வெல்லும் என்ற பொருளில் மெக்கார்த்தி சொன்னார். லெவி பந்தயம் கட்டினார்.

எதிர்த்தரப்பில் மெக்கார்த்தியோடு எடின்பரோ பேராசிரியர் டொனால்ட் மிச்சியும் சேர்ந்துகொண்டார். பிற்பாடு வேறு ஆய்வாளர்களும் சேர, பந்தயத் தொகை மொத்தம் 1,250 பவுண்டாக வளர்ந்தது. அன்றைய கணக்கில் ஓர் இளைஞருக்கு அது விளையாட்டுத் தொகை இல்லை. ஆனால் அன்றைய செஸ் நிரல்களைப் பார்த்தவர்கள் யாரும் லெவியைத் துணிச்சல்காரர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். மனிதர்கள் ஆடும் போட்டியில் ஒரு கணினி நிரல் முதன்முதலாகக் கலந்துகொண்டே ஓராண்டுதான் ஆகியிருந்தது. அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் ரிச்சர்ட் கிரீன்பிளாட் எழுதிய 'மேக் ஹேக்' என்ற அந்த நிரல், சாதாரண கிளப் ஆட்டக்காரர் அளவுக்குத்தான் ஆடியது.

பத்து ஆண்டுகள் ஓடின. அதற்குள் லெவி சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றுவிட்டார். கணினிகளும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்லேட், லாரி அட்கின் இருவரும் உருவாக்கிய நிரல், பதிப்புக்குப் பதிப்பு வலுவாகிக்கொண்டே வந்தது. 1977-இல் அது கணினிகளுக்கான உலகப் பட்டத்தை வென்றது. அதே ஆண்டு, பிரிட்டிஷ் கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஸ்டீனை அதிவேக ஆட்டம் ஒன்றில் தோற்கடித்தது. பந்தயக் கெடு முடியும் தறுவாயில் லெவியின் எதிரே வந்து நின்றது அதன் புதிய பதிப்பு, 'செஸ் 4.7'.

டொரொண்டோ, 1978

கனடாவின் டொரொண்டோ நகரில், ஆண்டுதோறும் நடக்கும் பெரிய பொருட்காட்சியில் போட்டி ஏற்பாடானது. லெவி டொரொண்டோவில், எதிராளி அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில். சைபர் 176 என்ற மாபெரும் கணினி அங்கிருந்தபடி தொலைபேசி இணைப்பு வழியாகத் தன் நகர்த்தல்களை அனுப்பியது. மொத்தம் 6 ஆட்டங்கள்.

லெவியிடம் தெளிவான ஒரு திட்டம் இருந்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பது, ஆனால் அதை ஒழுங்காகச் செய்வது. தாக்காதே, காய்களை மோதவிடாதே, பலகையை மூடியே வைத்திரு. என்ன செய்வதென்று தெரியாமல் கணினி தானாகவே தன் நிலையைக் கெடுத்துக்கொள்ளும் வரை காத்திரு.

இது ஏன் பலிக்கும் என்று புரிய, உங்கள் பால்கனியில் நின்று பாருங்கள். மூன்றாம் மாடியிலிருந்து தெருக்கோடி வரை எல்லாம் துல்லியமாகத் தெரியும். கோடியில் திரும்பிவரும் பஸ் தெரியாது. அன்றைய கணினிக்கும் அப்படித்தான். சில நகர்த்தல்கள் வரை ஒன்று விடாமல் பார்க்கும், அதற்கு அப்பால் இருட்டு. இருபது நகர்த்தல் தள்ளி வரப்போகும் ஆபத்து அதற்குத் தெரியாது. அடுத்த மூன்று நகர்த்தலில் வரும் ஆபத்தோ தப்பவே தப்பாது.

முதல் ஆட்டத்தில் லெவி தோற்கும் நிலைக்கே போய், மீண்டு, டிரா செய்தார். இரண்டாவதும் மூன்றாவதும் அவர் போட்ட திட்டப்படியே நடந்தன, இரண்டிலும் வெற்றி. இப்போது கணக்கு 2½ – ½. இன்னும் ஒரே ஒரு வெற்றி வந்தால் பந்தயம் அவர் கையில்.

நான்காவது ஆட்டத்தில் அவருக்குக் கருப்புக் காய்கள். இரண்டாவது நகர்த்தலில் எஃப் வரிசைச் சிப்பாயை எடுத்து இரண்டு கட்டம் முன்னே வைத்தார். லாட்வியன் கேம்பிட்.

வழக்கமில்லாத தொடக்கம் ஆடினால் கணினி தடுமாறும் என்ற எண்ணம் அன்றும் பலருக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது. கணினிக்குள் தொடக்க நகர்த்தல்களின் பட்டியல் ஒன்றை ஏற்றி வைத்திருப்பார்கள். யாரும் ஆடாத வழியில் போனால் பட்டியல் சீக்கிரம் தீர்ந்துவிடும், பிறகு அது தானாக யோசித்தாக வேண்டும். லெவிக்கு இதைத் தாண்டி இன்னொரு நோக்கமும் இருந்தது. கையில் முன்னிலை இருக்கிறது. பதுங்கி ஆடி ஜெயிக்க முடியும் என்பதையும் காட்டியாயிற்று. வெட்டு குத்து நிறைந்த ஆட்டத்தில், அதாவது கணினியின் சொந்தக் களத்தில், அதை நேருக்கு நேர் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தார்.

செஸ் 4.7 நீட்டிய சிப்பாயை எடுத்துக்கொண்டது. அடுத்த சில நகர்த்தல்களில் அதன் குதிரை பலகையில் சுற்றிச் சுற்றி வந்து கருப்பின் குதிரையோடு தன்னை மாற்றிக்கொண்டது. வாட்ச்மேன் இல்லாத அந்த மூலைவிட்டக் கோட்டின் வழியே வெள்ளை ராணி வந்து செக் வைத்தது. லெவி தன் ராணியைக் குறுக்கே வைத்தார். எட்டாவது நகர்த்தலிலேயே இரண்டு ராணிகளும் பலகையைவிட்டுப் போயின.

இந்த இடத்தில் சற்று நின்று பாருங்கள். லாட்வியன் ஆடுபவரின் மூலதனமே ராணியை வைத்துத் தாக்குவதுதான். அந்த ராணி போயாயிற்று, கொடுத்த சிப்பாய் திரும்ப வரவில்லை. கால் வாரப் போனவரின் பிடியை எதிராளி அமைதியாக விடுவித்துக்கொண்டது போல ஆயிற்று.

ஆனாலும் லெவி விடவில்லை. இரண்டு யானைகளையும் வெள்ளை ராஜா இருந்த ஓரத்து வரிசையில் அடுக்கி நெருக்கினார். மனிதர் யாராவது அந்த வெள்ளை ராஜாவின் பக்கம் உட்கார்ந்திருந்தால் நெற்றியில் வியர்த்திருக்கும். கணினி தேவையான நகர்த்தலை மட்டும் கணக்கிட்டு ஆடிக்கொண்டே போனது. யானைகள் வெட்டுப்பட்டன. மிஞ்சிய இறுதிக் கட்டத்தில் வெள்ளை ராஜா பலகையின் நடுவுக்கே நடந்து வந்து இன்னொரு சிப்பாயையும் சாப்பிட்டது. லெவி தோற்றார். நிதானமாக யோசித்து ஆடும் போட்டி ஆட்டமொன்றில் ஒரு சர்வதேச மாஸ்டரை ஒரு கணினி வென்றது அதுவே முதல் முறை.

ஐந்தாவது ஆட்டத்தில் லெவி மறுபடியும் தம் பழைய வழிக்கே திரும்பினார். மூடிய ஆட்டம், பொறுமை, வெற்றி. 3½ – 1½ என்று போட்டியையும் பந்தயத்தையும் வென்றார். ஆறாவது ஆட்டத்துக்குத் தேவையே இல்லாமல் போயிற்று.

எது தவறியது?

கேம்பிட் என்பது பலகையில் நடந்தாலும் குறி வைப்பது எதிரே இருப்பவரின் மனத்தை. 'ஏன் இதைச் சும்மா கொடுக்கிறான், என்ன வைத்திருக்கிறான்?' என்ற சந்தேகம். கிடைத்த சிப்பாயை விட மனமில்லாத ஆசை. ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். ராஜாவைச் சுற்றிக் காய்கள் கூடும்போது வரும் பயம். இவற்றில் ஏதாவது ஒன்றில்தான் எதிராளி வழுக்கி விழுவார். அவைதான் நாம் வாரும் கால்.

கணினிக்கு அந்தக் கால் இல்லை. அதன் உள்ளே இருப்பது ஒரு கணக்கு. 1950-இல் வெளிவந்த கட்டுரையிலேயே அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் அந்தக் கணக்கின் அடிப்படையை எழுதிவிட்டார். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9. இதோடு காய்கள் நிற்கும் இடத்துக்குச் சில கூட்டல் கழித்தல். சும்மா கிடைக்கும் சிப்பாய் அதற்கு ஒரு புள்ளி, அவ்வளவே. அதை எடுத்தால் அடுத்த சில நகர்த்தலில் ஆபத்து உண்டா என்று பார்க்கும், இல்லையென்றால் எடுக்கும். கேம்பிட் திறந்துவிடும் ஆட்டமோ கிட்டத்து ஆபத்துகள் நிறைந்தது. கணினியின் கண் எங்கே தெளிவாகத் தெரியுமோ அங்கேயே விளக்கைப் போட்டுக் கொடுத்தது போலாகிவிடும்.

லெவிக்கு இதெல்லாம் தெரியாததில்லை. தெரிந்தே ஒரு முறை ஆடிப் பார்த்தார், விடை கிடைத்தது.

அதற்குப் பிறகு

1984-இல் 'கிரே பிளிட்ஸ்' என்ற கணினி சாம்பியனை லெவி 4 – 0 என்று வென்றார். இம்முறை கேம்பிட் எதுவும் இல்லை, பதுங்கல் மட்டும்தான். ஆனால் பால்கனி ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாடி உயர்ந்துகொண்டே இருந்தது. 1989-இல் 'டீப் தாட்' வந்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டியது. குழுவில் இருந்தவர்களில் ஒருவர் பெயர் நம் காதுக்கு நெருக்கமானது, தாமஸ் அனந்தராமன். அதனிடம் லெவி 0 – 4 என்று தோற்றார். பதுங்கலும் அத்தோடு முடிந்தது.

டீப் தாட்டின் வாரிசுதான் 'டீப் புளூ'. நொடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயக்கூடியது. 1997 மே மாதம் நியூயார்க்கில் அதனோடு மோதிய உலக சாம்பியன் காஸ்பரோவும் வழக்கமில்லாத தொடக்கங்களை முயன்றார். மூன்றாவது ஆட்டத்தின் முதல் நகர்த்தலாக ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை ஒரே ஒரு கட்டம் மட்டும் நகர்த்தினார். பெரிய போட்டிகளில் அப்படி யாரும் தொடங்குவதில்லை. அந்த ஆட்டம் டிரா ஆனது.

ஆறாவதும் கடைசியுமான ஆட்டத்தில்தான் வேடிக்கை. காய்களை எண்ணிப் பார்த்து ஆடும் இயந்திரம் என்று உலகமே நினைத்திருந்த டீப் புளூ, எட்டாவது நகர்த்தலில் ஒரு முழுக் குதிரையைத் தூக்கிக் கொடுத்தது. ஒரு சிப்பாய்க்காக! அது இயந்திரத்தின் துணிச்சல் இல்லை. அந்த நகர்த்தல் அதன் தொடக்கப் பட்டியலில் மனிதர்கள் எழுதிவைத்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு மனம் இருந்தது. முந்தைய ஆட்டங்களின் களைப்பும் சந்தேகமும் இருந்தன. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் 19 நகர்த்தல்களில் ஆட்டத்தைக் கைவிட்டார். போட்டி 3½ – 2½ என்று கணினிக்குப் போனது. 1978-இல் மனிதர் வாரப் போனார், அங்கே கால் இல்லை. 1997-இல் இயந்திரம் வாரியது, மனிதருக்குக் கால் இருந்தது.

இன்னும் இருபது ஆண்டு கழித்து, 2017 டிசம்பரில், 'ஆல்பாஸீரோ' என்ற நிரல் பற்றிய செய்தி வந்தது. விதிகளை மட்டும் கொடுத்து, தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொள்ள விட்ட நிரல். அன்றைய வலிமையான 'ஸ்டாக்ஃபிஷ்' நிரலோடு ஆடிய 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, ஒரு தோல்விகூட இல்லை. பார்த்தவர்களை வியக்க வைத்தது அது ஆடிய விதம். சிப்பாய்களை, சில நேரம் பெரிய காய்களையே, உடனே எதுவும் கிடைக்காதபோதும் அது விட்டுக்கொடுத்தது. யாரும் எழுதிக் கொடுக்காமலேயே விட்டுக்கொடுப்பதன் மதிப்பை அது கண்டுபிடித்திருந்தது.

உங்கள் கையில் உள்ள போன்

இப்போது என் பேரனின் சிவப்புக் கேள்விக்குறிக்கு வருவோம். இன்றைய நிரல்களிடம் கேட்டால் லாட்வியன் கேம்பிட் ஆடிய கருப்பு ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவுக்குப் பின்தங்கிவிட்டது என்று சொல்லும். அது பொய்யில்லை. ஆனால் அதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். எதிரே இருப்பவர் ஒரு நகர்த்தல்கூடப் பிசகாமல் ஆடினால் இந்தத் தொடக்கம் மோசம் என்று பொருள். உங்கள் பக்கத்து ஃப்ளாட்காரர் அப்படி ஆட மாட்டார். நீங்களும் ஆட மாட்டீர்கள், நானும்தான்.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். போனில் ஆட்டத் தரத்தைக் குறைத்து வைத்தால் பெரும்பாலும் கணினி இடையிடையே வேண்டுமென்றே தவறு செய்யும். அதனிடம் கேம்பிட் ஆடி ஜெயித்துவிட்டு, 'என் பொறியில் விழுந்தது' என்று குதிக்க வேண்டாம். அது பொறியில் விழவில்லை, விழச் சொல்லி வைத்திருக்கிறார்கள். தரத்தை உச்சத்தில் வைத்துத் தோற்றுவிட்டு, 'நான் ஆடியது முட்டாள்தனம்' என்று வருந்தவும் வேண்டாம். இரண்டும் கேம்பிட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆட்டம் முடிந்ததும் முதலில் எங்கே தவறினோம் என்று தாங்களே தேடட்டும். பிறகு போனைக் கேட்கட்டும். ஆசிரியராக அதற்கு இணை இல்லை.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். லெவி தோற்ற ஆட்டத்தை இருவரும் பலகையில் ஆடிப் பார்த்தோம். எட்டாவது நகர்த்தலில் ராணிகள் போனதும், "இங்கதான் தாத்தா அவர் மாட்டிக்கிட்டார்" என்றான். எந்தச் சிவப்புக் குறியும் இல்லாமல் அவனே கண்டுபிடித்தது. அடுத்த ஞாயிறு கிளப் ஹவுஸுக்கு வந்து, நம் குடியிருப்பின் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரோடு உட்கார்ந்தான். இரண்டாவது நகர்த்தலில் எஃப் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னே போனது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், டீ ஆறிப்போகும் வரை யோசித்தார். யார் ஜெயித்தார்கள் என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மாலை 5 மணிக்குக் கிளப் ஹவுஸில் நான்கு பலகைகள் போட்டிருக்கும். வயது வரம்பு இல்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எதிரே உட்காரும் பொடியன் ஒரு சிப்பாயைச் சும்மா நீட்டினால், எடுப்பதா வேண்டாமா என்று நிதானமாக யோசியுங்கள்.